பாலாறு வரைக்கும் ஒரு சின்ன நடை

டெய்சி: இதான் உங்க ராஜஸ்தானா?

எட்மண்ட்: பொறுமையா பாரு டெய்சி. வெயில் ஏறச்சொல்ல எப்டி மின்னுது பாரு. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை மண்ணு... ஒரு மரம் கெடையாது, ஒரு வூடு கெடையாது...

டெய்சி: தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணுங்க, சைனைட் மேடு இது.

எட்மண்ட்: பாலைவனம்னு நெனச்சிக்கயேன். காசா பணமா?

டெய்சி: இருபத்தெட்டு வருஷமா நம்ம கொடியில காயற துணி மேல வந்து உக்காருது இந்த மண்ணு. தெனம் அதுவா நம்மள தேடி வருது. இன்னிக்கு நாம திருப்பிப் போய் பாக்கறோம். பதில் மரியாதை.

எட்மண்ட்: சினிமாக்காரங்க பெங்களூர்லருந்து லாரி லாரியா சாமான் ஏத்திகினு வந்து இங்கதான் ஷூட்டிங் எடுக்கிறாங்க. தெரியுமா?

டெய்சி: அவங்க எடுத்து முடிச்சிட்டு சாயங்காலம் போயிடறாங்க. நம்மள மாதிரி வண்டியில படுத்துக் கெடக்கறதில்ல.

எட்மண்ட்: அதுக்குப் பேரு வேன் கேம்பிங். வெளிநாட்ல நம்ம வயசுக்காரங்க எல்லாம் இதான் பண்றாங்க. ரூம் வாடகை இல்ல, யாருகிட்டயும் கேக்கத் தேவையில்ல. சுத்தமா ஃப்ரீ.

டெய்சி: வெளிநாட்ல பேக்கரி வேன்லயா படுக்கிறாங்க?

எட்மண்ட்: பேக்கரி துரைகிட்ட அந்த வண்டிதான் இருந்திச்சி. நான் இன்னா பண்ணட்டும்?

டெய்சி: ராத்திரி பூரா பன்னு வாசனை. யாரோ என்னை ரெண்டா வெட்டி நடுவுல வெண்ணெ தடவற மாதிரி கனவு.

எட்மண்ட்: ஆனா தூங்கினேல்ல?

டெய்சி: எங்க தூங்கறது? நீங்க உட்ட கொறட்டையில வண்டிக் கதவு ஆடிச்சி. உள்ள இருந்த எறும்பெல்லாம் வரிசையா எறங்கிப் போச்சி. அந்த ஒரு உபகாரம்தான்.

எட்மண்ட்: சரி சரி, டீயக் குடிச்சி முடி. கெளம்பலாம்.

டெய்சி: வீட்டுக்குத்தானே?

எட்மண்ட்: ஆத்துக்கு.

டெய்சி: எந்த ஆத்துக்கு?

எட்மண்ட்: இன்னா டெய்சி, டீச்சரா இருந்துகினு இப்டி கேக்கறே? பாலாறு. இந்த மழைக்கு தண்ணி ஓடுதாம். இப்டியே மேட்டோரமா போயி, தைலமரத் தோப்பு தாண்டி எறங்கினா ஆறு. ஷார்ட் வாக்.

டெய்சி: ஷார்ட்டுன்னா?

எட்மண்ட்: ரெண்டு கிலோமீட்டர். மிஞ்சிப் போனா ரெண்டரை.

டெய்சி: வண்டியில போனா இன்னா?

எட்மண்ட்: அது... ஆத்தோரம் மணல்ல சிக்கிக்கும்.

டெய்சி: ஆத்தோரத்து பேத்தமங்கலம் பஸ்ஸு ரோட்லதானே போகுது, மணல்ல இல்லியே?

எட்மண்ட்: பஸ்ல போனா அதுக்குப் பேரு ஹைக்கிங்கா? நீதானே கல்யாணம் ஆன புதுசுல, பாலைவனம் பாக்கணும், மணல்ல நடக்கணும், ஒட்டகம் பாக்கணும்னு உயிரெடுத்தே?

டெய்சி: ஒட்டகம் எங்க?

எட்மண்ட்: போற வழியில ஆடு நிக்கும். பாத்துக்கோ.

டெய்சி: ஒரு சந்தேகம். மணல்ல நடக்கறதுக்கு பட்டுப் புடவை எத்துக்கு? எழுந்திரிச்சதும் பையிலருந்து எடுத்து நீட்டினீங்க.

எட்மண்ட்: ஃபோட்டோ எடுக்கலாம்னுதான்.

டெய்சி: உங்க கால்ல சர்ச்சுக்குப் போடற ஷூ.

எட்மண்ட்: அதுல கிரிப்பு நல்லா கீது.

டெய்சி: சட்டைக்கு இஸ்திரி.

எட்மண்ட்: வாயக் குடுத்துகினே நின்னா வெயில் ஏறிடும். நட, நட.

டெய்சி: நடங்க. ஒட்டகத்துக்கு முன்னால நீங்க.

எட்மண்ட்: பாத்து வா. மழை அறுத்த பள்ளம் நெறைய கீது. என் பின்னாலயே கால் வையி.

டெய்சி: நீங்க வெச்ச எடத்துலதான் முட்டி வரைக்கும் உள்ள போகுது. நான் வேற எடத்துல வெக்கறேன்.

எட்மண்ட்: இதெல்லாம் ஒரு நடையா? நாங்க சுரங்கத்து அண்டர்கிரவுண்ட்ல ஷிப்ட்டுக்கு எத்தினி லெவல் எறங்கினவங்க...

டெய்சி: லிப்ட் மாதிரி கேஜ்ல நின்னுகினு எறங்கினீங்க. கேஜ் இங்க எங்க கீது? காட்டுங்க, நானும் ஏறிக்கிறேன்.

எட்மண்ட்: உன்கிட்ட பேசினா...

டெய்சி: ஃபோன் அடிக்குது.

எட்மண்ட்: அடிக்கல.

டெய்சி: உங்க சட்டைப் பை நடுங்குது.

எட்மண்ட்: சர்ச் கமிட்டி குரூப்பு. நாளைக்கு ஆராதனைக்கு யாரு பைபிள் வாசிக்கிறதுன்னு கேக்கறானுங்க.

டெய்சி: அத்தப் பாத்து சிரிக்கிறீங்க?

எட்மண்ட்: சிரிக்கல. வெயில் கண்ணுல அடிக்குது.

டெய்சி: ம்... இந்த சரிவுதாங்க. இங்கதான் அட்டைப் பொட்டிய போட்டு உக்காந்து சறுக்குவா. வீட்டுக்கு வரச்சொல்ல மூஞ்சி, தலை, காதுக்குள்ள எல்லாம் வெள்ளையா, சிரிச்சா பல்லு மட்டும்...

எட்மண்ட்: எவ?

டெய்சி: யாருமில்ல.

எட்மண்ட்: பள்ளம், பாத்து வா.

டெய்சி: இன்னா பேச்ச மாத்தறீங்க? நான்தான் யாரு பேரையும் சொல்லலியே. பேரு சொல்லக்கூடாதுன்னு ஆர்டர் ஆச்சே.

எட்மண்ட்: நான் எப்ப ஆர்டர் போட்டேன்?

டெய்சி: சாப்பாட்டு மேசையில. கொழம்பு ஊத்தச்சொல்ல. "இனிமே நமக்குப் பொண்ணே கெடையாது"ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு அப்பளம் கேட்டீங்க.

எட்மண்ட்: நீ மட்டும் இன்னா? ஸ்வீட்டி பேர ரேஷன் கார்டுலருந்து எடுத்துடுங்கன்னு சொன்னது யாரு?

டெய்சி: பேரு சொல்லிட்டீங்க.

எட்மண்ட்: ...சொல்லிட்டேன்.

டெய்சி: ரெண்டு மாசத்துக்கு அப்புறம்.

எட்மண்ட்: நீ சொன்னியா இல்லியா? ரேஷன் கார்டு?

டெய்சி: கோவத்துல சொன்னேன். அவ நம்மகிட்ட சொல்லாம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாண நோட்டீஸ் குடுத்துட்டாளேன்னு.

எட்மண்ட்: நானும் கோவத்துலதான்.

டெய்சி: உங்க கோவம் வீட்டுக்குள்ள நிக்கலியே. கமிட்டி மீட்டிங்ல எழுந்திரிச்சி நின்னு, ராபர்ட்சன்பேட்டை பாத்திரக்கடை கங்காதரன் மகனுக்கு என் பொண்ண குடுக்க மாட்டேன், மீறிப் போனா என் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு... மைக்கு வேற புடிச்சிகினு.

எட்மண்ட்: மைக்கு அவங்களா குடுத்தாங்க.

டெய்சி: குடுத்தா பேசிடறதா?

எட்மண்ட்: நான் கமிட்டி செக்ரட்டரி. செக்ரட்டரி வூட்டுலயே இப்டின்னு பின்னால எவனோ சொன்னான். காதுல விழுந்திச்சி. அப்புறம் இன்னா பேசினேன்னு எனக்கே தெரியாது.

டெய்சி: எனக்குத் தெரியும். ரெக்கார்ட் பண்ணி குரூப்ல போட்டாங்க.

எட்மண்ட்: வுடு டெய்சி. ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டோம்னு நெனைக்கிறேன்.

டெய்சி: ஆறு எங்க?

எட்மண்ட்: இன்னும் கொஞ்சம்.

டெய்சி: ராஜஸ்தான் மாதிரியே இதுவும் தள்ளித் தள்ளிப் போகுது.

எட்மண்ட்: தோப்பு வந்திச்சி பாரு. நெழலு. உக்காரு, தண்ணி குடி.

டெய்சி: ஆடுங்க வருது. உங்க ஒட்டகம். பின்னாலயே மேய்க்கிற அம்மாவும்.

பார்வதம்மா: ஏனு சார், கல்யாண ஊட்டாவுக்கா இந்தப் பக்கமா போறீங்க?

எட்மண்ட்: இல்லம்மா... நாங்க சும்மா...

பார்வதம்மா: ஆத்துக்கு அந்தாண்ட மாந்தோப்புல பெரிய ஊட்டா, ஊருக்கே சாப்பாடு. காலைலருந்து காரு மேல காரு. எல்லாரும் ரோட்ல போறாங்க. நீங்க இன்னா ஆடு மேய்க்கிற வழியில வரீங்க?

எட்மண்ட்: நாங்க டூரிஸ்ட்டும்மா.

பார்வதம்மா: டூரிஸ்ட்டா! பட்டுச் சீலை கட்டிகினு?

டெய்சி: எங்க நாட்ல இப்டித்தாம்மா மலை ஏறுவோம்.

பார்வதம்மா: இருங்க... நீங்க மாரிகுப்பம் எட்மண்ட் சார் இல்ல? கிறிஸ்மஸ்ல எங்க பக்கத்து புள்ளைங்களுக்கு கேக்கு கொண்டாந்து குடுப்பீங்களே?

எட்மண்ட்: அது வேற எட்மண்ட்.

பார்வதம்மா: மூக்கு அதே மூக்கா கீதே?

எட்மண்ட்: எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இதே மூக்கும்மா.

பார்வதம்மா: சரி, யாரா இருந்தாலும் ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. கூப்புடாதவங்களுக்கும் எலை போடறாங்க. பையன் வூடு பாத்திரக்கடைக்காரங்க. பொண்ணு உங்காளுங்கதான், கிறிஸ்டியன். தங்கம் மாதிரி புள்ள. நேத்து தோப்பு பாக்க வந்திச்சி. என்னைக் கூப்ட்டு உக்கார வெச்சி காப்பி குடுத்திச்சி. ஆனா பொண்ணு பக்கத்துலருந்து ஒரு ஈ காக்கா வரலியாம்.

டெய்சி: அப்டியா?

பார்வதம்மா: அப்பனும் ஆத்தாளும் ரெண்டு பேரும் கல்லாம். பெத்த வயிறுன்னு ஒன்னு இருந்தா இப்டி செய்வாங்களா? நீங்களே சொல்லுங்க.

டெய்சி: நீங்க சொல்லுங்க டூரிஸ்ட்டு. செய்வாங்களா?

எட்மண்ட்: ...வெயில் ஏறுது. நாங்க வரோம்மா.

பார்வதம்மா: கீழ எறங்கினா ஆறு. இந்நேரம் தண்ணி முட்டிக்குத்தான் கீது, பயப்படாதீங்க. ஏய், ஏய்! சார் பைய கடிக்காத, இந்தாண்ட வா! வரேம்மா.

டெய்சி: நல்ல பொம்பள.

எட்மண்ட்: ம்.

டெய்சி: மனசுல பட்டத அப்டியே சொல்லுது. கல்லுன்னு.

எட்மண்ட்: போதும் டெய்சி.

டெய்சி: நான் ஒன்னியும் சொல்லலியே. எனக்கு ஆறு பாக்கணும். ஆத்துக்கு அந்தாண்ட மாந்தோப்பு இருந்தா அது ஆத்தோட தப்பு. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

எட்மண்ட்: எறங்கற எடம் வழுக்குது. கைய குடு.

டெய்சி: கெரகம்... புடிங்க. மெதுவா.

எட்மண்ட்: அதோ. பாத்தியா? தண்ணி! எத்தினி வருஷம் ஆச்சி இதுல தண்ணி பாத்து. சத்தம் கேக்குதா?

டெய்சி: கேக்குது. நாதஸ்வரம்.

எட்மண்ட்: தண்ணி சத்தம் கேட்டேன்.

டெய்சி: அதுவும் பின்னால லேசா கேக்குது. எதிர் கரையில பச்சை ஷாமியானா. வாசல்ல வாழை மரம். "நரேஷ் – ஸ்வீட்டி"ன்னு போர்டு. நல்ல ஆறுங்க. ரொம்ப இயற்கையா கீது. ஆச்சரியப்படுங்க. இந்த எடத்துல நீங்க ஆச்சரியப்படணும். ஒத்திகை பாத்திருப்பீங்களே?

எட்மண்ட்: பாத்தேன். "அடடே, இங்கயா"ன்னு சொல்லலாம்னு இருந்தேன்.

டெய்சி: சொல்லுங்க.

எட்மண்ட்: இப்ப வரல.

டெய்சி: ரெண்டு கிலோமீட்டர்னு சொல்லி ரெண்டரை மணி நேரம் நடக்க வெச்சி, பேக்கரி வண்டியில படுக்க வெச்சி... நேரா "டெய்சி, பொண்ணு கல்யாண சாப்பாடு, போலாம் வா"ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?

எட்மண்ட்: கேட்டா நீ வரமாட்டேன்னு சொல்லிடுவே.

டெய்சி: சொன்னேனா?

எட்மண்ட்: ரேஷன் கார்டு...

டெய்சி: திரும்ப ரேஷன் கார்டா!

எட்மண்ட்: வண்டியில பேத்தமங்கலம் ரோடு புடிச்சா உடனே உனக்குத் தெரிஞ்சிடும். நடுரோட்ல எறங்கிடுவே. நடந்து வந்தா... இவ்ளோ தூரம் வந்தப்புறம் திரும்பி நடக்க உனக்கும் முட்டி ஒத்துக்காதுன்னு...

டெய்சி: என் முட்டி வலிய நம்பி போட்ட பிளானு!

எட்மண்ட்: வேற எத்த நம்பறது?

டெய்சி: உங்களுக்கு எப்டி தெரியும் இங்க சாப்பாடுன்னு? பத்திரிகை வந்திச்சா?

எட்மண்ட்: நரேஷ் சொன்னான். போன வாரம் காலைல ட்ரெயின்ல. கூட்டம். நான் நின்னுகினு இருந்தேன். பாத்தான், எழுந்திரிச்சி சீட்டு குடுத்தான். நான் மூஞ்சிய திருப்பிக்கினேன்.

டெய்சி: சீட்டு?

எட்மண்ட்: சீட்டுல உக்காந்துகினுதான் திருப்பிக்கினேன்.

டெய்சி: அதானே பாத்தேன்.

எட்மண்ட்: அவன் பக்கத்துலயே நின்னுகினு வந்தான். ஒன்னியும் பேசல. எறங்கற நேரத்துல குனிஞ்சி மெதுவா சொன்னான். "மாமா, சனிக்கிழமை பாலாத்தோரம் மாந்தோப்புல சாப்பாடு. நீங்க வரலன்னாலும் பரவால்ல. உங்க ரெண்டு பேருக்கும் எலை போட்டு வெச்சிடுவோம். யாரும் அதுல உக்கார மாட்டாங்க"ன்னு. அவங்கம்மா சரஸ்வதியும் மொதல்ல முறுக்கிக்கினு இருந்தாங்களாம். அப்புறம் அவங்களே பொண்ணுக்கு புடவை எடுத்துக் குடுத்தாங்களாம். எனக்கு அந்த எலைதான்... ராத்திரி கண்ண மூடினா காலி எலை ரெண்டு வருது.

டெய்சி: அப்ப அந்த கொறட்டை?

எட்மண்ட்: கிண்டல் பண்ணாத டெய்சி. இன்னிக்கி மட்டும் வேணாம்.

டெய்சி: சரி. பண்ணல. இன்னும் இன்னா மறைச்சீங்க, அதையும் சொல்லிடுங்க. எப்டியும் ஷூ கழட்டணும், உக்காருங்க.

எட்மண்ட்: புதன்கிழமை... நான் டியூட்டிக்குப் போகல.

டெய்சி: எங்க போனீங்க?

எட்மண்ட்: கோலாருக்கு பஸ் ஏறினேன். ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு. அவ கல்யாணம் பதினோரு மணிக்குன்னு தெரியும். போயி ஓரமா நிக்கலாம்னு. உள்ள கூடப் போக வேணாம், வாசல்ல. அவ பாத்தா பாக்கட்டும், பாக்கலன்னா போகட்டும்னு.

டெய்சி: போனீங்களா?

எட்மண்ட்: பாதி வழியில, பங்காருபேட்டையில எறங்கிட்டேன்.

டெய்சி: ஏங்க?

எட்மண்ட்: மைக்கு புடிச்சி பேசினவன் எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது? அதே மூக்குன்னு ஊருக்கே தெரியுது... ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். டீ வாங்கினேன். ஆறிப் போச்சி. கடைக்காரன் வேற டீ குடுத்தான், அதுவும் ஆறிப் போச்சி. கடியாரத்தப் பாத்துகினே இருந்தேன். பதினோரு மணி. இப்ப உள்ள கூப்ட்டிருப்பாங்க. பதினொன்னேகால். இப்ப கையெழுத்துப் போடுவா. அவளுக்கு கையி வேர்க்கும். பரீட்சைக்குப் போனா கர்சீப்ப கையில சுத்திகினுதான் எழுதுவா. இன்னிக்கி கர்சீப்பு எடுத்துகினு போனாளான்னு...

டெய்சி: தண்ணி குடிங்க.

எட்மண்ட்: வேணாம். அந்தப் பக்கம் அவங்க ஆளுங்க பத்து பேரு நின்னிருப்பாங்க. சித்தப்பா, பெரியப்பான்னு. நம்ம புள்ளைக்கு பின்னால திரும்பிப் பாத்தா சுவருதான். பொண்ணு பக்கம் யாருன்னு அந்த ஆபீஸர் கேட்டிருப்பாரு. அவ இன்னா பதில் சொல்லியிருப்பா? ஒத்தையா நின்னிருப்பா டெய்சி. நாம ரெண்டு பேரும் உயிரோட இருந்துகினு, அவ அநாதை மாதிரி. நம்ம பேரு அந்த எடத்துல இல்லாம போச்சே. இனிமே எத்தினி சாப்பாடு சாப்பிட்டாலும் அந்தப் புதன்கிழமை திரும்பி வருமா? நீ கோச்சிக்கோ, திட்டு, திரும்பி நடந்து போகணும்னாலும் போ. நான் இந்த ஆத்தத் தாண்டப் போறேன். அவகிட்ட போயி... இன்னா சொல்றதுன்னு தெரியல. போயி நிக்கப் போறேன்.

டெய்சி: சாக்ஸையும் கழட்டுங்க. ஈர சாக்ஸோட பந்தியில உக்காந்தா நாறும்.

எட்மண்ட்: நீ... வரியா?

டெய்சி: இந்தப் பட்டுப் புடவையோட வேற எங்க போவேன்? இஸ்துப் புடிங்க என் கைய. நடுவுல உட்டுடாதீங்க.

எட்மண்ட்: உனக்கு என் மேல கோவம் இல்லியா?

டெய்சி: இருந்திச்சி. நீங்களா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நானும் சொல்லக்கூடாதுன்னு ஒரு வீம்பு. ரெண்டு கிலோமீட்டர்ல சொல்லிடுவீங்கன்னு பாத்தேன், ஏழு கிலோமீட்டர் இழுத்துட்டீங்க.

எட்மண்ட்: சொல்லக்கூடாதுன்னா... நீ இன்னா சொல்லணும்?

டெய்சி: புதன்கிழமை ஸ்கூல்ல பரீட்சை பேப்பர் திருத்தணும்னு சொல்லிட்டுப் போனேனே, நான் கோலாருக்குத்தாங்க போனேன். அவ ஒத்தையா நிக்கல, அவ கை வேர்த்திச்சி, என் முந்தானையிலதான் தொடச்சிக்கினா. சாட்சிக்கு மூணு பேர் வேணும்னாங்க. ரெண்டு பேரு நரேஷ் கூட்டாளிங்க. மூணாவது கையெழுத்து நான் போட்டேன். டெய்சி எட்மண்ட்னு, உங்க பேர ஒரு எழுத்து உடாம முழுசா எழுதினேன்.